பெங்களூரில் கல்லூரி ஸ்டார்ட்அப் போட்டிக்கு முதல்முறை தயாராவது எப்படி

போட்டி அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் பெரும்பாலான அணிகள் முதலில் பெயர் வைக்கின்றன, அடுத்து லோகோ, மூன்றாம் நாள் பன்னிரண்டு சிலைடு. அப்படிப் போகிற அணியிடம் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் பேசினீர்கள்?" என்பதுதான். பதில் இருக்காது. சிலைடு கடைசி வாரத்து வேலை. அதற்கு முந்தைய ஐந்து வாரமும் தெருவிலும் கணக்கு நோட்டிலும் போக வேண்டும். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து வந்து படிப்பவர்களுக்கும், அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுனிலேயே வளர்ந்தவர்களுக்கும் இந்த ஆறு வார வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

விளக்கத்துக்காகக் கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: தெருவோரம் பூ விற்பவர்களுக்கு, மின்சாரம் இல்லாமல் பூ வாடாமல் காக்கும் ஒரு பெட்டி. இதில் வரும் விலைகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் பொருளுக்கு உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் போட்டி

ஹேக்கத்தான் என்றால் யாரோ கொடுத்த பிரச்சினைக்கு நீங்கள் தீர்வு கட்டுவது. மத்திய அரசு 2017 முதல் நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இந்த வகை. அமைச்சகங்களும் நிறுவனங்களும் பிரச்சினைகளைத் தருகின்றன. அணியில் 6 பேர், குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். முதலில் உங்கள் கல்லூரியே உள்சுற்று நடத்தி அணிகளை அனுப்பும். ஆகவே தேசிய இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், கல்லூரியின் கண்டுபிடிப்பு மன்றத்தை, அதாவது ஐஐசியைக் கவனிக்கும் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

பிசினஸ் பிளான் போட்டி வேறு. பிரச்சினை, தீர்வு, வருமானம் மூன்றும் உங்களுடையவை. ஐஐடி பாம்பேயின் தொழில்முனைவோர் மன்றமான இ-செல் 1998 முதல் நடத்திவரும் யுரேகா இந்த வகையில் நாட்டின் பழைய போட்டிகளில் ஒன்று. ஹல்ட் பிரைஸ் சமூகப் பயனுள்ள தொழில்களுக்கானது. கல்லூரிச் சுற்றில் தொடங்கி உலகச் சுற்றுவரை போகும், இறுதிப் பரிசு 10 லட்சம் டாலர். இந்தப் போட்டி முறையின் தொடக்கங்களில் ஒன்று 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. சட்டக் கல்லூரி மாணவர்களின் மாதிரி நீதிமன்றத்தைப் பார்த்து அதை வடிவமைத்தார்கள். இன்றும் நடுவர்கள் முதலீட்டாளர் இடத்தில் அமர்ந்து குறுக்கு விசாரணை செய்வது அந்த மரபில்தான். உங்களை மடக்குவதற்காகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரணைதான் அங்கே பரீட்சை.

ஒரு செமஸ்டருக்கு இரண்டு போட்டிக்கு மேல் வேண்டாம். மூன்றாவது போட்டிக்குப் போகும் அணி பெரும்பாலும் பழைய சிலைடையே தூக்கிக்கொண்டு போகிறது. பொருள் ஓரடிகூட நகர்ந்திருக்காது.

விதிமுறையைப் படிக்கும்போது இவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: அணியில் எத்தனை பேர், எல்லோரும் அதே கல்லூரியா, ஏற்கெனவே கம்பெனி பதிவாகியிருந்தாலோ முதலீடு வாங்கியிருந்தாலோ சேர முடியாதா, முதல் சுற்று எழுத்துச் சுருக்கமா, இரண்டு நிமிட வீடியோவா, மதிப்பெண் எதற்கு எவ்வளவு. கடைசியாக, சமர்ப்பித்த யோசனை யாருக்குச் சொந்தம் என்ற பிரிவு. "சமர்ப்பிக்கப்பட்டவற்றை அமைப்பாளர் தடையின்றிப் பயன்படுத்தலாம்" என்ற வரி இருந்தால், பொருள் இயங்கும் நுட்பத்தை எழுத்தில் விவரிக்காதீர்கள். பொருளால் விளையும் பயனை மட்டும் எழுதுங்கள்.

அணியும் எழுத்து ஒப்பந்தமும்

மூன்று அல்லது நான்கு பேர் போதும். பொருளைச் செய்பவர் ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசுபவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் ஒருவர். மூன்று பேரும் கணினி நிரல் எழுதுபவர்களாக இருந்தால் தெருவுக்குப் போக ஆள் இருக்காது. பெங்களூரில் கன்னடம் சரளமாகப் பேசும் ஒருவர் அணியில் இருந்தே ஆக வேண்டும். இதற்கான காரணம் கீழே வரும்.

அணிகள் உடைவது பெரும்பாலும் ஏழாம் செமஸ்டரில். கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் வேலை கிடைத்தவர் நல்ல மனதோடுதான் விலகுகிறார். ஆனால் பாதிப் பொருள் அவர் லேப்டாப்பில் இருக்கும், பங்கு பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இதைத் தவிர்க்க, முதல் வாரத்திலேயே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள்: யார் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவார், பரிசுப் பணம் வந்தால் எப்படிப் பிரியும், யாராவது விலகினால் அவர் செய்த வேலை அணியிலேயே தங்கும், கம்பெனி தொடங்கினால் பங்கு எப்படிச் சேரும். வழக்கமான முறை நான்கு ஆண்டில் பங்கு படிப்படியாகச் சேர்வது, முதல் ஓராண்டு முடியாமல் விலகினால் எதுவும் இல்லை. சமமாகப் பிரிப்பது சண்டையில்லாமல் முடியும், அந்த நேரத்துக்கு. வேலை சமமாக இருக்காது என்று முன்பே தெரிந்தால், தெரிந்தபடியே பிரிப்பது நல்லது.

முதலாம் ஆண்டு மாணவர் யாராவது 18 வயது நிரம்பாதவராக இருந்தால் அவர் கையெழுத்து சட்டப்படி செல்லாது, கம்பெனி இயக்குநராகவும் முடியாது. பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: கேட்பது

இந்த இரண்டு வாரமும் ஒழுங்காக நடந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும். அவசரப்படாதீர்கள்.

பூக்கார அக்காவிடம் போய், "அக்கா, பூ வாடாம இருக்க ஒரு பெட்டி செஞ்சா வாங்குவீங்களா?" என்று கேட்டால், "நல்லதுப்பா, கண்டிப்பா வாங்குறேன்" என்பார். படிக்கிற பிள்ளை ஆசையாகக் கேட்கும்போது யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேச மாட்டார்கள். அந்தப் பதிலில் தகவல் எதுவும் இல்லை. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்:

"நேத்து சாயங்காலம் எவ்ளோ பூ மிஞ்சுச்சுக்கா?"
"மிஞ்சினதை என்ன பண்ணீங்க?"
"வாடாம இருக்க இப்ப என்ன செய்றீங்க? அதுக்கு எவ்ளோ செலவாகுது?"
"போன வாரத்துல எந்த நாள் ரொம்ப நட்டம்?"

நாளைக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குக் கிடைப்பது நல்லெண்ணம். நேற்று என்ன செய்தீர்கள் என்பதற்குக் கிடைப்பது தகவல்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். அன்று இரவே படித்து வகைப்படுத்த வேண்டும், மறுநாள் ஆகிவிட்டால் நீங்கள் கேட்க விரும்பியதுதான் நினைவில் நிற்கும். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வியாபாரம் விடியலுக்கு முன்பே சூடுபிடிக்கிறது. அந்த நேரத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் விரட்டுவார்கள், அது நியாயமும்கூட. தெருவோர விற்பனையாளர்களிடம் பேச மதியம் இரண்டிலிருந்து நான்குவரை நல்ல நேரம். மாணவர் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள், ஒரு முழம் பூ வாங்குங்கள். பதிலுக்குப் பணம் தராதீர்கள், தந்தால் நீங்கள் விரும்பும் பதிலே வரும். போட்டோவும் போன் நம்பரும் அனுமதி கேட்டு மட்டும்.

அளவுகள் குழப்பும். ஒருவர் முழத்தில் சொல்வார், ஒருவர் மாரில் (கையை விரித்த நீளம்), ஒருவர் கிலோவில். ஒரு கிலோ மொட்டிலிருந்து எத்தனை முழம் கட்டுகிறார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, எல்லாவற்றையும் ரூபாய்க்கு மாற்றி எழுதுங்கள். மாற்றாமல் கூட்டிய சராசரி பயன்படாது.

இனி மொழி விஷயம். அல்சூரிலோ மர்பி டவுனிலோ தமிழ் பேசும் வியாபாரிகள் எளிதாகக் கிடைப்பார்கள், பேச்சும் தாராளமாக வரும். இருபது பேரிடம் பேசிவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பிவிடுவீர்கள். ஆனால் அந்த இருபது பேரும் ஒரே பேட்டையில், ஒரே கொள்முதல் ஆளிடம் வாங்கி, ஒரே கோயில் வாசலை நம்பி விற்பவர்களாக இருக்கலாம். மல்லேஸ்வரத்தில் கன்னடம் பேசுபவரின் நிலையும் சிவாஜிநகரில் உருது பேசுபவரின் நிலையும் வேறாக இருக்கும். எண்ணிக்கையில் பாதியாவது உங்கள் தாய்மொழிக்கு வெளியே இருக்க வேண்டும். "இதை மற்ற மொழிக்காரரிடம் சோதித்தீர்களா?" என்று நடுவர் கேட்காமல் போனாலும், பொருள் விற்பனைக்கு வரும்போது சந்தை கேட்கும்.

எத்தனை பேர்? புதிய பதில் வராமல், கேட்டதையே திரும்பக் கேட்கத் தொடங்கும்வரை. வழக்கமாக 20-லிருந்து 30-க்குள் அது நடக்கும்.

போட்டியாளர் யாரும் இல்லை என்று எழுதாதீர்கள். ஈரச் சாக்கும் வாழையிலையும் உங்கள் போட்டியாளர்கள், அவற்றின் விலை ஏறக்குறைய பூஜ்யம். அவற்றைவிட உங்கள் பெட்டி எத்தனை மணி நேரம் கூடுதலாகக் காக்கிறது என்பதே உங்கள் முழு வாதம்.

சந்தை அளவையும் இந்த வாரங்களிலேயே எடுத்துவிடுங்கள். "இந்தியப் பூச்சந்தை இத்தனை ஆயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் எங்களுக்கு" என்ற சிலைடை நடுவர்கள் ஆயிரம் முறை பார்த்தவர்கள். அதற்குப் பதில் ஐந்து பேட்டைகளில் ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு செவ்வாய்க்கிழமையும் நடந்து எண்ணுங்கள். தெரு வாரியாக எண்ணிக்கை, அதில் நாளெல்லாம் உட்கார்ந்து விற்பவர் எத்தனை, கூடையோடு நடப்பவர் எத்தனை. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர அமைப்புகள் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கிடைக்கும் அரசுக் கணக்கை உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் காட்டினால் அந்த ஒரு சிலைடே உங்களை மற்ற அணிகளிலிருந்து பிரித்துக் காட்டும்.

நான்காம் வாரம்: செய்து பார்ப்பது

அழகான மாதிரி வேண்டாம், வேலை செய்யும் மாதிரி வேண்டும். நம் பெட்டிக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, உறையவைத்த நான்கு ஜெல் பேக், மேலே ரெக்சின் உறை போதும். மின்னணுப் பாகம் தேவைப்படும் அணிகளுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். சென்சாரோ பேட்டரியோ ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், போட்டிக்கு முந்தைய இரவு ஒன்று கருகுவது சகஜம். எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பிறகு கல்லூரியோ மானியத் திட்டமோ பணம் தருவதானால் துண்டுச் சீட்டுக் கணக்கை ஏற்காது. இரும்பு, பிளாஸ்டிக் பாகத்துக்குப் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போவதென்றால் மில்லிமீட்டரில் அளவு குறித்த வரைபடம் கையில் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக விளக்கி ஒரே ஒரு பீஸ் கேட்டால் பெரிய பட்டறைகள் எடுக்க மாட்டார்கள்.

சோதனைக்கு ஐந்து வியாபாரிகளிடம் ஏழு நாள் பெட்டியைக் கொடுங்கள். தினமும் பாதிப் பூ பெட்டியில், பாதி அவர்கள் வழக்கப்படி ஈரத்துணியில். காலையும் மாலையும் எடை, பெட்டிக்குள் வெப்பநிலை, எவ்வளவு விற்றது, எவ்வளவு வீணானது. 35 நாள்-பதிவுகள் கையில் இருக்கும். பண்டிகை நாள் நடுவில் வந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள், அன்றைய விற்பனை சராசரியைக் கெடுத்துவிடும்.

இங்கே இரண்டு கோளாறு தலைகாட்டும். ஒன்று, ஜெல் பேக் வியர்த்து வடியும் நீர் மொட்டில் பட்டுக் கறுப்பது. நடுவே ஒரு தட்டும் துணியும் வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது இதைவிடப் பெரியது: பேக்கைத் தினமும் யார் உறையவைப்பார்கள்? பல வியாபாரிகள் வீட்டில் ஃப்ரீசர் இருக்காது. பக்கத்துப் பெட்டிக்கடையின் ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் பேக் வைக்கக் கடைக்காரர் என்ன கேட்பார்? இந்தக் கேள்வி சோதனையில் எழுந்தால் உங்கள் தொழிலின் வடிவமே மாறும், நல்ல பக்கமாக. மேடையில் நடுவர் வாயிலிருந்து முதல்முறை எழுந்தால் அன்றைய பேச்சு அங்கேயே முடிந்தது.

வாங்குவார்களா என்பதையும் இப்போதே சோதியுங்கள். வாரக் கடைசியில் பெட்டியைத் திரும்பக் கேளுங்கள். "வச்சுக்கிறேன், எவ்ளோ?" என்று கேட்பவர் வாடிக்கையாளர். 100 ரூபாய் முன்பணம் கொடுத்தவர் அதைவிட உறுதியான வாடிக்கையாளர். ஐந்தில் இருவர் கொடுத்தாலும் அந்தத் தகவல் இருநூறு பேர் நிரப்பிய கூகுள் ஃபார்மைவிட மதிப்புள்ளது.

ஐந்தாம் வாரம்: கணக்கு

ஒரு பெட்டிக்கான செலவு, உள்ளீட்டு வரி (பாகங்கள் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டி) நீங்கலாக:

பெட்டி ரூ. 380
ஜெல் பேக் 4 × 45 = ரூ. 180
உறையும் தையலும் ரூ. 160
பட்டை, பூட்டு ரூ. 40
கூலி ரூ. 60
வண்டி வாடகை ரூ. 40

மொத்தம் ரூ. 860. விலை ரூ. 1,200 வைத்தால் லாபம் 340 என்று பல அணிகள் சிலைடில் போட்டுவிடும். இனி விடுபட்டவற்றைச் சேருங்கள். சேதாரமும் திரும்பி வருவதும் 5 சதவீதம் என்றால் செலவு 903. ரூ. 1,200 என்பது வாடிக்கையாளர் கொடுக்கும் விலை. அதற்குள் 18 சதவீத வரி இருந்தால் உங்களுக்கு வருவது 1,200 ÷ 1.18, அதாவது ரூ. 1,017. கடைக்காரருக்குக் கமிஷன் 10 சதவீதம், ரூ. 120. மிச்சம் 897. பெட்டிக்கு ஆறு ரூபாய் நட்டம்.

இந்தக் கணக்கை வீட்டிலேயே செய்துவிட்டால் விலையையோ செலவையோ விற்கும் வழியையோ மாற்ற ஒரு வாரம் இருக்கும். வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம்: பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை கர்நாடகத்தில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூரில் ஒரு கடைக்குப் பெட்டி அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் விற்பனை. "ஓசூர், கிருஷ்ணகிரி எங்கள் அடுத்த சந்தை" என்று எழுதும் அணி வரியையும் சேர்த்தே கணக்கு போட வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கத்தையும் பாருங்கள். ஒருவருக்கு நாளைக்கு ரூ. 80 பூ வீணாகிறது, பெட்டி அதில் பாதியைக் காக்கிறது என்றால், நாளைக்கு 40 ரூபாய் மிச்சம். ரூ. 1,200 முப்பது நாளில் திரும்பிவிடும். காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் தண்டலுக்குக் கடன் வாங்கிக் காலையில் பூ எடுத்து, மாலையில் கடனைத் திருப்பிக் கட்டுபவரிடம் 1,200 ரூபாய் மொத்தமாக இருக்காது. நாள் வாடகை ரூ. 15 என்றால் தருவார்களா? அப்படியானால் அதை யார் வசூலிப்பது, அந்த ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு, ஒருவர் நாளைக்கு எத்தனை பேரிடம் போக முடியும்? ஜெல் பேக்கை உறையவைக்கும் பெட்டிக்கடைக்காரரே வாடகையையும் வாங்கி வைத்துக்கொண்டால்? இரண்டாம் வாரத்தில் கேட்ட கேள்விகளும் நான்காம் வாரத்துக் கோளாறும் இங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன. முழுத் தொழிலையும் ஒரே பக்கத்தில் காட்டும் பிசினஸ் மாடல் கேன்வாஸின் ஒன்பது கட்டங்களை இப்போது நிரப்புங்கள். முதல் வாரத்தில் நிரப்பினால் அது கற்பனை.

மூன்றாண்டுத் திட்டம் கேட்டால் கொடுங்கள், ஆனால் முதல் பன்னிரண்டு மாதத்தை மாத வாரியாகக் காட்டுங்கள். நிறுவனர்களுக்குச் சம்பளம் பூஜ்யம் என்று போடாதீர்கள், எடுக்காவிட்டாலும் செலவாகக் காட்டினால்தான் தொழில் நிற்குமா என்பது தெரியும். கடைக்காரர் 30 நாள் கழித்துப் பணம் தருவதையும் கணக்கில் வையுங்கள். லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் நிற்கும் மாதம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.

மேடை ஏறுமுன் காப்புரிமை

பொருளில் புதிய நுட்பம் ஏதாவது இருந்தால், பொது மேடையில் விளக்குவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முன்பே வெளியிட்டால் புதுமை போய்விட்டதாகக் கொள்ளப்படலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழிக் கட்டணம் ரூ. 1,600. கர்நாடகம் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் கீழ் வருகிறது, இணையத்தில் தாக்கல் செய்ய மூன்றாம் வகை டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். தாக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். வெறும் கணினி நிரலுக்கும் வியாபார முறைக்கும் இந்தியாவில் காப்புரிமை இல்லை. ஆகவே செயலி செய்யும் அணிகள் சிலைடில் 'பேட்டன்ட் பெண்டிங்' என்று அலங்காரத்துக்குப் போட வேண்டாம், விண்ணப்ப எண் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கல்லூரியின் உரிமை பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மாணவர், ஆசிரியர் ஸ்டார்ட்அப்புகளுக்காக 2019-ல் வந்த தேசிய வழிகாட்டுக் கொள்கைப்படி, கல்லூரியின் ஆய்வகத்தையோ பணத்தையோ கணிசமாகப் பயன்படுத்தி உருவானதில் கல்லூரிக்கும் கூட்டு உரிமை உண்டு. பாடத்திட்டத்தின் பகுதியாக இல்லாமல், கல்லூரி வசதி எதையும் பயன்படுத்தாமல் மாணவர் உருவாக்கியது முழுக்க மாணவருக்கே. இறுதியாண்டு புராஜெக்டாகவே பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள். அதே கொள்கை புராஜெக்டுக்குப் பதிலாக ஸ்டார்ட்அப்பை எடுத்துக்கொள்ளவும், வருகைப்பதிவு குறைந்தாலும் அனுமதியோடு தேர்வு எழுதவும் இடம் தருகிறது. கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், போட்டி நாள்களுக்கான 'ஆன் டியூட்டி' கடிதத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள்.

ஆறாம் வாரம்: சிலைடும் பேச்சும்

பத்து சிலைடு போதும். பிரச்சினை, யாருக்கு, இப்போது என்ன செய்கிறார்கள், உங்கள் பொருள், சோதனை முடிவு, சந்தை எண்ணிக்கை, ஒரு பெட்டிக் கணக்கு, விற்கும் வழி, அணி, என்ன வேண்டும். சோதனை முடிவை நான்காவதாகவே வைத்தாலும் நல்லதுதான், நடுவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். ஒரு சிலைடில் ஒரு எண் பெரிதாக இருக்கட்டும்.

ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கரை நிமிடத்துக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 130 சொல், ஆக 550 சொல்லுக்குள். ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இருக்கும். சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். பூக்காரரின் இழப்பை ரூபாயில் சொல்ல அலங்கார ஆங்கிலம் தேவையே இல்லை. களத்துக்குப் போனவர்தான் பேச வேண்டும். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் களம் பார்க்காத ஒருவரைப் பேசவைத்தால் முதல் கேள்வியிலேயே குரல் தடுமாறும்.

கேள்வி நேரத்துக்கு இருபது கேள்வி எழுதி, யார் எதற்குப் பதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது மதிப்பெண்ணைத் தின்னும். தெரியாத கேள்விக்கு, "அதை இன்னும் சோதிக்கவில்லை, இந்த முறையில் சோதிப்போம்" என்பது முழுமையான பதில். பணம் கேட்கும்போது எதற்கு என்பதோடு கேளுங்கள்: 40 பெட்டி, 903 வீதம் ரூ. 36,120, ஆறு மாதம் களப்பணியாளர் ஒருவர், சோதனைக்கருவி. "10 லட்சம் தேவை, மார்க்கெட்டிங்குக்கு" என்றால் யாரும் தர மாட்டார்கள்.

போட்டி நாளுக்கு: சிலைடு பிடிஎஃப் வடிவில் பென்டிரைவிலும் போனிலும், ஏனென்றால் வேறு கணினியில் தமிழ், கன்னட எழுத்துருக்கள் கட்டம் கட்டமாகிவிடும். எச்டிஎம்ஐ மாற்றி. பொருள் வேலை செய்யும் ஒரு நிமிட வீடியோ போனிலேயே, அரங்கின் வைஃபையை நம்ப வேண்டாம். டேப், கத்தரி, உபரி பேட்டரி. போனஃபைட் சான்றும் கல்லூரி அடையாள அட்டையும் அசலாக. பரிசுத் தொகை வங்கிக்குப் போகும்போது பான் கேட்பார்கள், இல்லாதவர்கள் முன்பே எடுத்துவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு

அன்று மாலையே நடுவர்கள் கேட்ட எல்லாக் கேள்விகளையும் எழுதிவையுங்கள். தோற்றிருந்தால் மதிப்பெண் பட்டியல் கிடைக்குமா என்று அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பலர் தருகிறார்கள்.

தொடர நினைத்தால் இந்த ஊரில் வழி நிறைய. ஐஐஎம் பெங்களூரின் தொழில்முனைவு மையமான என்எஸ்ஆர்செல் 2000-ல் தொடங்கப்பட்டது, பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. ஐஐஎம் மாணவர் அல்லாதவர்களும் அதன் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். உயிரியல் சார்ந்த யோசனைக்குப் பெல்லாரி சாலையில் சி-கேம்ப், எலெக்ட்ரானிக் சிட்டியில் பெங்களூரு பயோ இன்னோவேஷன் சென்டர். பொருளாகச் செய்யும் முன்மாதிரிக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம் ரூ. 10 லட்சம்வரை தருகிறது. உயிரித்தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் மானியம் ரூ. 50 லட்சம்வரை. கர்நாடக அரசின் எலிவேட் போட்டியிலும் மானியம் ரூ. 50 லட்சம்வரை போகும், ஆனால் கம்பெனி கர்நாடகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வீடு ஓசூரில் இருக்கிறது என்று அந்த முகவரியில் பதிவு செய்தால் எலிவேட் கிடைக்காது, தமிழ்நாட்டின் டான்சீட் நிதித் திட்டத்தின் பக்கம் போகலாம். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பதிவுக்கு முன் முடிவு செய்யுங்கள், வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கம் பதிவு செய்வதே எங்கள் பரிந்துரை.

கல்லூரி இன்குபேட்டரில் சேர்ந்தால் இடத்துக்கும் வசதிக்கும் பதிலாகப் பங்கு கேட்கலாம். 2019 கொள்கை சொல்லும் அளவு 2 முதல் 9.5 சதவீதம். வெறும் மேசையும் இணையமும் தந்துவிட்டு மேல் எல்லையைக் கேட்டால் பேசிக் குறையுங்கள்.

கம்பெனிப் பதிவுக்கு அவசரம் காட்டாதீர்கள். பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் போதும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம்வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை, முத்திரைத் தீர்வையும் ஆடிட்டர் கட்டணமும் மட்டும் உண்டு. நுழைவது எளிது. ஆனால் 30 நாளில் தணிக்கையாளர் நியமனம், 180 நாளில் தொழில் தொடங்கிய அறிவிப்பு, ஆண்டுதோறும் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்கூட விற்காத கம்பெனிக்கும் இது பொருந்தும். ஆண்டுத் தாக்கல் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளைக்கு ரூ. 100 வீதம் ஏறிக்கொண்டே போகும். பரிசு வாங்கிய மகிழ்ச்சியில் பதிவு செய்துவிட்டுப் படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டால், இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தொகை பரிசையே தாண்டிவிடும். மானியமோ முதலீடோ பெரிய வாடிக்கையாளரோ கம்பெனி பெயரில் ஒப்பந்தம் கேட்கும் நாள்வரை காத்திருங்கள். அதற்குள் அடுத்த இருபது பெட்டிகளை வாடகைக்குக் கொடுத்து வசூல் நோட்டைத் தொடங்கிவிடலாம்.